மலைப்பாதைக்கும் மாநகரச் சாலைக்கும் ஒரே பைக்: எடை குறைந்த டர்ட் பைக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

களமசேரி: வார நாட்களில் அலுவலகம் செல்லவும், விடுமுறை நாட்களில் குறுகலான மலைப்பாதைகளில் ஓட்டவும் ஒரே இருசக்கர வாகனம் போதுமா? எர்ணாகுளம் மாவட்டம் களமசேரி போன்ற தொழில் நகரங்களில் வசிக்கும் பைக் ஆர்வலர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். இங்கிருந்து ஆலுவா, பெரும்பாவூர் வழியாகச் சென்றால் கோதமங்கலம் வந்துவிடும். அதற்கப்பால் ரப்பர் தோட்டங்களும் செம்மண் பாதைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமும் தொடங்குகின்றன. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் வாகமண் உள்ளது.

ஆனால் அந்தப் பாதைக்குச் செல்லும் வரை நெடுஞ்சாலையில்தான் ஓட்டியாக வேண்டும். எனவே பதிவு எண், காப்பீடு, முகப்பு விளக்கு, ஏ.பி.எஸ். ஆகிய அனைத்தும் கொண்ட, சாலையில் ஓட்டச் சட்டப்படி தகுதியுள்ள வாகனமே தேவை. அதே வாகனம் பாறை, வேர், சேறு ஆகியவற்றுக்கு இடையே நடக்கும் வேகத்தில் நகரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் நிறைவேற்றும் வாகனங்கள் இந்தியச் சந்தையில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே உள்ளன. தவறாகத் தேர்ந்தெடுப்பவர்கள் பணத்தை மட்டும் இழப்பதில்லை. சில நேரங்களில் கால் முறிவு, வாகனப் பறிமுதல், காப்பீட்டு மறுப்பு ஆகியவற்றையும் சந்திக்க நேரிடுகிறது.

எடை ஏன் முதன்மையானது?

சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக், சுழலும் சக்கரங்களின் உதவியால் தானாகவே நிமிர்ந்து நிற்க முயலும். குறுகலான மலைப்பாதையில் வேகம் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும். அந்த வேகத்தில் வாகனத்தைச் சமநிலையில் வைத்திருப்பது ஓட்டுநரின் உடல்தான். ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பாறை இடுக்கிலும் வாகனத்தின் எடை முழுவதையும் அவரே சமாளிக்க வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. மலைப்பாதையில் ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் விழுவார். விழுந்த வாகனத்தைச் சரிவான, வழுக்கும் நிலத்தில் நின்றுகொண்டு தனியாகத் தூக்க வேண்டியிருக்கும். முதல் முறை எளிதாகத் தெரியும். ஐந்தாவது முறை தூக்கும்போது கை நடுங்கும். சோர்வு கவனத்தைக் குலைக்கும். அதன் பிறகு வரும் வீழ்ச்சியில்தான் காயம் ஏற்பட வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் விற்பனைக்கு வந்த இரண்டு வாகனங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வாகனத்தின் எடை சுமார் 159 கிலோ. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வாகனத்தின் எடை 139 கிலோ. இடையே உள்ள 20 கிலோ என்பது, வீடுகளுக்கு விநியோகிக்கப்படும் முழுமையாக நிரப்பிய ஒரு 20 லிட்டர் குடிநீர் கேனின் எடைக்குச் சமம். அந்தக் கேனைச் சுமந்தபடி மலையேறுவதற்கும், வெறுங்கையுடன் மலையேறுவதற்கும் உள்ள வேறுபாடே இந்த இரு பைக்குகளுக்கும் இடையே உள்ளது.

எனினும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பல்ஸ் 200-ன் எரிபொருள் தொட்டி 13 லிட்டர் கொள்ளும். கேஎல்எக்ஸ் 230-ன் தொட்டி 7.6 லிட்டர் மட்டுமே கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. ஆகவே மேற்கண்ட 20 கிலோ வேறுபாட்டில் சுமார் 4 கிலோ எரிபொருளால் வருவது. பெரிய தொட்டி உள்ளவர்கள் மலைப்பாதைக்குச் செல்லும்போது பாதி மட்டும் நிரப்பிச் செல்வது எடையைக் குறைக்கும் செலவில்லாத வழி.

சந்தையில் உள்ள வாகனங்கள்

ஹீரோ நிறுவனம் 2011-ம் ஆண்டு அறிமுகப்படுத்திய 150 சி.சி. இம்பல்ஸ், இந்தியாவில் சாமானியர்களுக்கு எட்டும் விலையில் கிடைத்த இருவகைப் பயன்பாட்டு பைக்குகளின் முன்னோடி. அதன் எடை 134 கிலோ. பின்னர் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பழைய வாகனச் சந்தையில் அவ்வப்போது கிடைத்தாலும், உதிரி பாகங்கள் கிடைப்பது எளிதல்ல என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதன் இடத்தை 2019-ம் ஆண்டு மே மாதம் வந்த எக்ஸ்பல்ஸ் 200 நிரப்பியது. 2021-ல் நான்கு வால்வு எஞ்சினுடன் எக்ஸ்பல்ஸ் 200 4வி வெளியானது. 199.6 சி.சி., சுமார் 19 பி.எஸ். திறன், 825 மில்லிமீட்டர் இருக்கை உயரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி ஆகியவை இதன் அடிப்படை அளவுகள். இதன் 'ப்ரோ' வகையில் இருக்கை உயரம் 891 மில்லிமீட்டராகவும், தரை இடைவெளி 270 மில்லிமீட்டராகவும் உயர்கின்றன. முன்புற சஸ்பென்ஷன் 250 மில்லிமீட்டர் வரை இயங்கும்.

2025-ம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமான எக்ஸ்பல்ஸ் 210, திரவக் குளிர்ச்சி எஞ்சினும் 24.6 பி.எஸ். திறனும் கொண்டது. நெடுஞ்சாலையில் இது தன் முன்னோடியைவிட வசதியானது. ஆனால் எடை 170 கிலோவை நெருங்குகிறது.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230, 2024-ம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் 3.30 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. பின்னர் உள்நாட்டு உற்பத்தியின் பயனாக 2025-ல் இதன் விலை 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 233 சி.சி. காற்றுக் குளிர்ச்சி எஞ்சின், சுமார் 18 பி.எஸ். திறன், 880 மில்லிமீட்டர் இருக்கை உயரம் என்பவை இதன் அளவுகள். சாலைத் தகுதியுடன் இந்தியாவில் கிடைக்கும் பெட்ரோல் வாகனங்களில், குறுகலான பாதைக்கென்றே வடிவமைக்கப்பட்டவற்றுள் எடை குறைந்தது இது.

கேடிஎம் 390 எண்டியூரோ ஆர், 2025-ம் ஆண்டு ஏப்ரலில் 3.37 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் வந்தது. 399 சி.சி., 46 பி.எஸ். திறன் கொண்ட இந்த வாகனத்தின் எடை 177 கிலோ. திறனில் மற்ற இரண்டையும்விட இரு மடங்குக்கு மேல். எடையில் கேஎல்எக்ஸை விட 38 கிலோ அதிகம்.

மின்சார வாகனங்களிலும் புதிய முயற்சி நடைபெறுகிறது. பெங்களூருவைச் சேர்ந்த அல்ட்ராவயலட் நிறுவனம், சாலைத் தகுதியுள்ள 'ஷாக்வேவ்' என்ற மின்சார டர்ட் பைக்கை 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அறிவித்தது. அதன் எடை 120 கிலோ என நிறுவனம் தெரிவித்தது.

ஒப்பீட்டுக்காக, வெளிநாடுகளில் பரவலாகப் பயன்படும் ஹோண்டா சிஆர்எஃப் 300எல் 142 கிலோவும், இந்தோனேசியாவில் விற்கப்படும் யமஹா டபிள்யூஆர் 155ஆர் 134 கிலோவும் எடை கொண்டவை. அதாவது 135 முதல் 145 கிலோ வரையிலான எடையே உலகளவில் இந்த வகைக்கு இயல்பானது.

196 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போன்றவை நீண்ட தூர மலைச் சாலைப் பயணங்களுக்கு ஏற்றவை. பாதை அகலம் ஓரடியாகச் சுருங்கும் இடத்தில் அவற்றை ஓட்டுவதற்கு அனுபவமும் உடல் வலிமையும் அதிகம் தேவைப்படும்.

அதிக குதிரைத்திறன் அவசியமா?

குறுகலான பாதையில் அதிகம் பயன்படுவது முதல் இரண்டு கியர்களே. அங்கு தேவைப்படுவது உச்ச வேகமல்ல. எஞ்சின் குறைந்த சுழற்சியில் இருக்கும்போதும் நின்றுவிடாமல் இழுக்கும் திறன். 18 அல்லது 19 பி.எஸ். திறன் இதற்குப் போதுமானது. திறன் மிகுந்த எஞ்சின், ஈரமான சரிவில் ஆக்சிலரேட்டரைச் சற்றே கூடுதலாகத் திருகினாலும் பின்சக்கரத்தை வழுக்கச் செய்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு மென்மையான எஞ்சினே நல்ல ஆசிரியர்.

மறுபுறம், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மலைப்பாதைக்குச் சென்று, மற்ற நாட்களில் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பயணிப்பவருக்கு 18 பி.எஸ். எஞ்சின் அலுப்பூட்டும். ஆகவே தனது மொத்தப் பயணத்தில் எத்தனை பங்கு மண் பாதை என்பதை வாங்குபவர் நேர்மையாகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

செம்மண்ணும் டயரும்

கேரளத்தின் மண்ணும் இந்தத் தேர்வில் பங்கு வகிக்கிறது. செம்புரைக்கல் எனப்படும் 'லேட்டரைட்' நிலவகைக்கு அப்பெயரைச் சூட்டியவர் பிரான்சிஸ் புக்கானன். மலப்புறம் மாவட்டத்தில் உள்ள அங்காடிப்புறத்தில் அதைக் கண்டு 1807-ம் ஆண்டு அவர் பதிவு செய்தார். செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் உருவானது. கோடையில் இந்த நிலம் கல்லைப் போல் இறுகி, மேற்பரப்பில் சிறு உருளைக் கற்கள் சிதறிக் கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் அதே பாதை சோப்பு தடவியது போல் வழுக்கும்.

இத்தகைய பாதையில் 21 அங்குல முன்சக்கரமும் 18 அங்குல பின்சக்கரமும் உள்ள வாகனமே பொருத்தமானது. பெரிய முன்சக்கரம் வேர்களையும் கற்களையும் மோதி நிற்காமல் ஏறிக் கடக்கும். எக்ஸ்பல்ஸ், கேஎல்எக்ஸ் 230, 390 எண்டியூரோ ஆர் ஆகிய மூன்றுமே இந்த அளவில் ஆரைக்கம்பிச் சக்கரங்களைக் கொண்டுள்ளன. முன்புற மட்கார்டு டயரை ஒட்டி இல்லாமல் உயரமாக இருந்தால், சேறு அடைத்துச் சக்கரம் நின்றுபோகும் தொல்லை குறையும்.

டயர் மாற்றும்போது ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். மோட்டோகிராஸ் பந்தய டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் 'என்.எச்.எஸ்.' என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். சாலையிலும் மண்ணிலும் ஓட்டுபவர்கள் இரு பயன்பாட்டுக்கும் ஏற்ற டயர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். மண் பாதையில் பிடிப்புக்காகக் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது வழக்கம். ஆனால் மிகவும் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும். சாலைக்குத் திரும்பும் முன் மீண்டும் காற்று நிரப்ப, சிறிய பம்ப் ஒன்றை உடன் எடுத்துச் செல்வது அவசியம்.

இருக்கை உயரம்: கால் எட்டாவிட்டால்?

825 மில்லிமீட்டர், 880 மில்லிமீட்டர் என்ற எண்கள் மட்டும் போதாது. ஓட்டுநர் அமரும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது, இருக்கை எவ்வளவு குறுகலாக உள்ளது என்பவற்றைப் பொறுத்தே கால் தரையைத் தொடும். கேஎல்எக்ஸ் போன்ற ஒல்லியான வாகனத்தில், எண்ணில் உயரமாகத் தெரிந்தாலும் கால் எட்டக்கூடும். ஷோரூமுக்குச் செல்லும்போது செருப்புடன் செல்லாமல், ஓட்டும்போது அணியும் பூட்ஸுடன் சென்று அமர்ந்து பார்ப்பதே சரியான அளவீடு.

இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும் என்பதில்லை. சமதளத்தில் ஒரு பாதத்தின் முன்பகுதியாவது உறுதியாக ஊன்ற முடிய வேண்டும். அதுவும் இயலாதவர்கள், குறிப்பாகப் புதியவர்கள், உயரம் குறைந்த வாகனத்தையே தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

ஏ.பி.எஸ். நண்பனா, எதிரியா?

இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வகை இருசக்கர வாகனங்களுக்கு 2018-ம் ஆண்டு ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. தார்ச் சாலையில் உயிர் காக்கும் இந்த ஏற்பாடு, உருளைக் கற்கள் நிறைந்த சரிவில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வாகனம் நிற்கும் தூரத்தை நீட்டிவிடக்கூடும். எனவே மண் பாதையில் அதன் செயல்பாட்டைக் குறைக்கும் வசதி உள்ளதா என்பதை வாங்கும் முன் கேட்டறிய வேண்டும். எக்ஸ்பல்ஸ் 200 4வி வாகனத்தில் 2023 முதல் சாலை, ஆஃப்ரோடு, ராலி என மூன்று ஏ.பி.எஸ். நிலைகள் உள்ளன. சாலைக்குத் திரும்பியதும் அதை மீண்டும் முழுமையாக இயக்க மறக்கக் கூடாது.

சட்டம் சொல்வது என்ன?

பழைய வாகனச் சந்தையில் பந்தய பைக்குகள் கவர்ச்சியான விலையில் கிடைப்பதுண்டு. கவாசாகியின் கேஎக்ஸ் வரிசை போன்ற இவை, மூடிய பந்தயத் தடங்களுக்காக மட்டுமே தயாரிக்கப்பட்டவை. இவற்றுக்குப் பதிவு எண் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-வது பிரிவின்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. 146-வது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். பதிவற்ற பந்தய பைக்கில் ஊர்ச் சாலையைக் கடக்கும்போது ஒருவர் மீது மோதினால், இழப்பீடு முழுவதையும் ஓட்டுநரும் உரிமையாளரும் தம் சொந்தப் பணத்தில் செலுத்த நேரிடும்.

பதிவு பெற்ற வாகனத்தில் மாற்றங்கள் செய்வதற்கும் எல்லை உண்டு. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றுக்கு எதிரான மேல்முறையீட்டில், 2019-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, பதிவுச் சான்றிதழில் இடம்பெற்ற விவரங்களுக்கு மாறாக வாகனத்தின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் தெரிவித்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 182ஏ பிரிவு இடமளிக்கிறது.

ஆகவே விளக்குகளையும் பதிவு எண் பலகையையும் கழற்றுவது, அதிக ஒலி எழுப்பும் சைலன்சரைப் பொருத்துவது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். உயரமான சஸ்பென்ஷன் தேவைப்படுவோர், எக்ஸ்பல்ஸ் 'ப்ரோ' போலத் தொழிற்சாலையிலேயே அப்படிப் பொருத்தப்பட்ட வகையை வாங்குவதே சிக்கலற்ற வழி.

பாதை யாருடையது?

சாலைத் தகுதியுள்ள வாகனம் கையில் இருப்பதால் மட்டுமே எல்லாப் பாதைகளிலும் செல்லும் உரிமை வந்துவிடாது. கோதமங்கலத்தை அடுத்த பூதத்தான்கெட்டு பகுதியை ஒட்டியே 1983-ல் அமைக்கப்பட்ட தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். காப்புக் காடுகளில் கேரள வனச் சட்டம் 1961 பொருந்தும். தமிழகத்தில் ஆனைமலை, முதுமலை புலிகள் காப்பகங்களை ஒட்டிய பாதைகளுக்கும் இதேபோன்ற கட்டுப்பாடுகள் உண்டு. யானை வழித்தடத்தில் சைலன்சர் சத்தத்துடன் நுழைவது சட்டத்தை மீறுவது மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தானது.

தனியார் தோட்டங்களில் உரிமையாளரின் அனுமதி தேவை. அதுவும் சில நேரங்களில் போதாது. 2022-ம் ஆண்டு மே மாதம் வாகமண் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மாவட்ட நிர்வாகத்தின் தடையை மீறி ஆஃப்ரோடு ஜீப் பந்தயம் நடத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. அதைத் தொடர்ந்து கேரள மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயங்களில் ஏற்படும் சேதத்துக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பொருந்தாது என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

செலவுக் கணக்கு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீத வரி விதிக்கப்படுகிறது. 200 சி.சி. முதல் 250 சி.சி. வரையிலான எடை குறைந்த வாகனங்களுக்கு இது சாதகமாக அமைந்துள்ளது. கேரளத்தில் ஒருமுறை சாலை வரியும் வாகன விலைக்கேற்ப உயர்வதால், ஷோரூம் விலையை மட்டும் பார்க்காமல் சாலைக்கு வரும் மொத்த விலையைக் கேட்டறிய வேண்டும்.

எரிபொருளையும் கணக்கில் கொள்ள வேண்டும். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 7.6 லிட்டர் தொட்டி அதிகபட்சம் 228 கிலோமீட்டருக்கு வரும். களமசேரியிலிருந்து வாகமண் சென்று திரும்புவதற்கே சுமார் 200 கிலோமீட்டர் ஆகும் என்பதால், மலையேறும் முன் எரிபொருள் நிரப்புவது கட்டாயமாகிறது.

வாகனத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக் கவசங்களுக்கு முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால், முழங்கை, மார்புக் கவசங்கள், கையுறை ஆகியவை அடிப்படைத் தேவைகள். சாலையிலும் அணிவதால் தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021-ம் ஆண்டு ஜூன் முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற இருசக்கர வாகனத் தலைக்கவசங்களின் விற்பனைக்குத் தடை உள்ளது. எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கும் தகடும், விழும்போது கிளட்ச், பிரேக் லீவர்கள் உடையாமல் தடுக்கும் கைக்காப்பும் முதலில் வாங்க வேண்டிய உபகரணங்கள்.

யாருக்கு எது?

புதிதாகத் தொடங்குபவர், உயரம் குறைந்தவர், ஊருக்கு ஊர் சர்வீஸ் வசதியும் எளிதில் கிடைக்கும் உதிரி பாகங்களும் வேண்டுபவர் ஆகியோருக்கு எக்ஸ்பல்ஸ் 200 பொருந்தும். நெடுஞ்சாலைப் பயணமும் கணிசமாக உள்ளவர்கள் எக்ஸ்பல்ஸ் 210-ஐப் பரிசீலிக்கலாம்.

குறுகலான பாதைகளே முதன்மை நோக்கம் என்றால் கேஎல்எக்ஸ் 230 முன்னிலை பெறுகிறது. அதன் சிறிய தொட்டியும், நெடுஞ்சாலையில் மிதமான வேகமும் அதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டிய விலை. அனுபவமும் உடல் வலிமையும் உள்ள, அகலமான மண் சாலைகளில் வேகத்தை விரும்பும் ஓட்டுநருக்கே 390 எண்டியூரோ ஆர் ஏற்றது.

கேரளத்தின் சொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, 2024-ம் ஆண்டு டக்கார் ராலியில் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பெற்றபோது இத்துறை மீதான ஆர்வம் மேலும் பரவியது. ஆனால் பாலைவனத்தில் அதிவேகமாகப் பாயும் ராலி பைக் வேறு. ரப்பர் தோட்டத்துப் படிவரிசைகளில் ஏறி இறங்கும் பைக் வேறு. இரண்டாவதில் வேகத்தை விடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம்.

முடிவெடுக்க முடியாமல் தடுமாறுபவர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஏற்கெனவே அந்த வாகனத்தை வைத்திருக்கும் நண்பரின் ஒப்புதலுடன், எரிபொருளை மூடி, புல்தரையில் அதை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, பிறர் உதவியின்றித் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும். இதை அடுத்தடுத்து மூன்று முறை செய்ய முடிந்தால், அந்த எடை அவருக்கு ஏற்றது. முடியாவிட்டால், விளம்பரத்தில் எத்தனை பி.எஸ். திறன் எழுதியிருந்தாலும், அதைவிட எடை குறைந்த வாகனத்தைத் தேடுவதே நல்லது.